தண்ணீருக்குள் நின்று சொன்ன ஸ்தோத்திரம்

தையல் அக்கா, ஏரல் பக்கம்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நம்ம பக்கம் கிறிஸ்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் முதலில் சொல்கிற சொல் இதுதான். ஆண்டவருக்கு நன்றி என்று அர்த்தம். கோயில் வாசலில், பஸ் ஸ்டாண்டில், போனை எடுத்தவுடனே. நாற்பத்தாறு வருஷமாக நானும் சொல்லி வந்தேன். அந்தச் சொல் என் தொண்டையிலேயே நின்றுவிட்ட ஒரு வாரத்தைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு காலம் வந்திருந்தால் கீழே எழுதுங்கள். ஜெபம் கேட்கப்பட்ட சாட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

நான் தையல் தொழில் செய்கிறேன். தாமிரபரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக். 2021இல் வீட்டுக்காரர் போனபிறகு எங்கள் சாப்பாடும் மகளின் படிப்பும் இதில்தான். டிசம்பர்தான் எங்களுக்கு அறுப்புக்காலம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புதுத்துணி உடுத்தாத வீடு எங்கள் சபையில் கிடையாது. அக்டோபர் கடைசியிலேயே துணியும் அளவு ஜாக்கெட்டுமாகப் பை பையாக வந்து சேரும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு என் வீட்டில் ஊர்க்காரர்களின் துணி நூற்றுப்பன்னிரண்டு உருப்படி இருந்தது. எழுபதுக்கு மேல் தைத்து, காஜா எடுத்து, இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டியிருந்தேன். மீதியை வெட்டிப் பேர்ச்சீட்டு குத்தி மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். காலை ஆராதனைக்கே பாதிப்பேர் வரவில்லை, அப்படி ஒரு மழை. எங்கள் சபைப் போதகர், ஐயர் என்போம், பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்து, எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்றார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது.

ராத்திரி குளம் உடைந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை விடாமல் மணி அடித்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடிக்கிற அடியில்லை, அது வேறு. நான் கொடியிலிருந்து துணிகளை அள்ளிப் பரணில் போட்டுக்கொண்டிருந்தேன். முழங்கால் வரை தண்ணீர். "ஊரான் துணிம்மா, ஊரான் துணிம்மா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததாக மகள் பிற்பாடு சொன்னாள். அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். கோயில் ஏழு படி உயரத்தில் இருக்கிறது. அறுபது பேருக்கு மேல் அங்கே ஏறி நின்றோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. மூன்று ராத்திரி அங்கேதான்.

முதல் ராத்திரி யாரும் பேசவில்லை. குழந்தைகள் அழுதன, தண்ணீர் படியில் மோதுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இரண்டாம் ராத்திரி, எங்கள் சபையிலேயே மூத்த பாட்டி ஒருவர், எண்பது தாண்டியவர், பலிபீடத்துப் பக்கம் உட்கார்ந்து மெதுவாக ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எழுந்துபோய் அவர் வாயைப் பொத்தலாமா என்றுகூட இருந்தது. பாட்டியின் மகனுடைய ஆடுகள் பதினாறும் போய்விட்டன, எங்கள் எல்லாருக்கும் தெரியும். இப்போது எதற்கு ஸ்தோத்திரம்?

கேட்கக் கேட்கத்தான் அவர் என்ன சொல்கிறார் என்று காதில் விழுந்தது. வழக்கமாகச் சொல்கிற அடுக்கு வசனங்கள் எதுவும் இல்லை. "தீப்பெட்டி நனையல ஆண்டவரே, ஸ்தோத்திரம். கோயில்பிள்ளை மணியடிச்சானே, அவன் கைக்கு ஸ்தோத்திரம். தெக்குத்தெரு கைப்பிள்ளை பால் குடிச்சு உறங்குது, ஸ்தோத்திரம். இந்தப் படி ஏழா கட்டிவச்ச பெரியவங்களுக்காக ஸ்தோத்திரம்." இப்படியே போனது. இருட்டுக்குள் கையால் தடவித் தடவிக் கண்டெடுத்துச் சொல்வது போல இருந்தது.

வாலிபப் பையன் ஒருவன் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான். "பாட்டி, வெள்ளத்துக்கும் சேத்து ஸ்தோத்திரம் சொல்லிருவியளோ?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "தண்ணிக்காகச் சொல்லலய்யா. தண்ணிக்குள்ள நின்னு சொல்லுதேன். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் பண்ணுங்கன்னுதான பவுல் எழுதுனாரு. அந்த 'லே' எனக்குப் போதும்."

தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரம் பதினெட்டாம் வசனம். ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தது. அதில் 'இல்' என்று ஒரு உருபு இருப்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனோம். முழங்கால் அளவு சேறு. கொடி அறுந்து எல்லாத் துணியும் சேற்றுக்குள். பரணில் போட்டதும் சரிந்து விழுந்திருந்தது. பட்டு, காட்டன், கவுன், சட்டை எல்லாம் ஒரே நிறம். மெஷின் மோட்டார் மூன்றும் போச்சு. மேல் தட்டில் இருந்த ஊசி டப்பா மட்டும் நனையவில்லை.

என் துணி போயிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இது ஊராருடைய நூற்றுப்பன்னிரண்டு உருப்படி. யார் முகத்திலும் விழிக்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். 24ஆம் தேதி சாயங்காலம் பாட்டி வந்தார். முந்தியில் முடிந்திருந்த நூற்றைம்பது ரூபாயை எடுத்துத் திண்ணையில் வைத்தார். "நீ தைச்சு முடிச்சிட்டல்லா? தைச்ச கூலியத் தராம நான் எப்படி விடியக்காலம் கோயிலுக்குப் போவேன்?"

எல்லாரும் அப்படி வந்தார்கள் என்று எழுதினால் அது பொய். மகளின் நிச்சயதார்த்தப் பட்டைக் கொடுத்திருந்த ஒரு வீட்டார் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயம். அடுத்த ஆகஸ்ட் வரை மாசா மாசம் அந்தப் பணத்தைக் கட்டி முடித்தேன். இரண்டு பேர் இன்றைக்கும் என்னிடம் தைக்கக் கொடுப்பதில்லை.

25ஆம் தேதி அதிகாலை ஆராதனையில் ஒருவரிடமும் புதுத்துணி இல்லை. நிவாரணத்தில் வந்த சட்டைகள், தொளதொளவென்று. ஆளாளுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றார் ஐயர். என் முறை வந்தபோது, "ஊசி டப்பா நனையல, ஸ்தோத்திரம்" என்றேன். வேறொன்றும் வரவில்லை. பின் வரிசையிலிருந்து பாட்டி "ஆமென்" என்றார்.

கடலோரத் தம்பி, குமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கம்:

அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் கத்தோலிக்கர். நீங்கள் ஸ்தோத்திரம் என்பதை நாங்கள் நன்றி என்போம். அவ்வளவுதான் வித்தியாசம்.

2017 நவம்பர் 29 ராத்திரி தொடங்கி 30ஆம் தேதி ஒக்கி புயல் எங்கள் பக்கம் அடித்தபோது என் அண்ணன் ஆழ்கடலில் இருந்தான். எங்கள் கடற்கரை ஊர்களின் தொழிலே அதுதான். பல நாள் கடலிலேயே தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பது. போனவர்கள் பலர் கரையிறங்கினார்கள். லட்சத்தீவு, குஜராத் என்று எங்கெங்கோ ஒதுங்கியவர்களிடமிருந்து போன் வந்தது. ஒவ்வொரு போனுக்கும் ஊரே ஓடும். அண்ணன் போன படகைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. அந்த வருஷம் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் நட்சத்திரம் கட்டவில்லை.

இழவு என்றால் அழுது அடக்கம் செய்ய ஒரு உடல் வேண்டும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. செத்துவிட்டான் என்று சொன்னால் தானே அவனைக் கொன்றது போல ஆகிவிடும் என்று நினைத்தார். உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவும் நாள் ஆக ஆக நாக்கு எழவில்லை.

அம்மா ஒரு நாளும் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. திருப்பலியில் பக்கத்தில் நிற்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று குருவானவர் சொல்வார். "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று நாம் எல்லாரும் பதில் சொல்வோம். அந்த இடத்தில் மட்டும் அம்மா வாயை மூடிக்கொள்வார். மற்ற எல்லா செபத்துக்கும் உதடு அசையும். இதற்கு மட்டும் அசையாது. தலையைக் குனிவதும் இல்லை, பீடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். குருவானவருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் ஒரு நாளும் அதைப் பற்றி அம்மாவிடம் கேட்டதில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் போலப் போனது. கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்களை டி.என்.ஏ. சோதனை செய்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் அப்படி வந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. அடக்கத் திருப்பலியில் அம்மா அந்த அக்காவைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். "நன்றி கூறுவோம்" என்று குருவானவர் சொன்னார். எனக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது, கரகரவென்று. அம்மாதான். "அது தகுதியும் நீதியும் ஆனதே."

வெளியே வந்து கேட்டேன். "அவளுக்கு மண்ணு போட ஒரு இடம் கிடைச்சுதில்லியா மோனே. அதுக்குச் சொன்னேன். நமக்குச் சொல்லல்ல" என்றார்.

நற்கருணைக்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்குப் பொருளே நன்றி செலுத்துவதுதான் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறேன். ஆண்டவர் எந்த இரவில் நன்றி சொன்னார் என்பதையும் திருப்பலியில் கேட்கிறோம். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி சொல்லிவிட்டுத்தான் பிட்டார். பிறகு தோட்டத்துக்குப் போய், இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று மன்றாடினார். ஒரே இரவில் இரண்டும். அம்மாவைப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் பிடிபட்டது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எல்லாரும் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோவார்கள். அம்மா கடற்கரைக்குப் போவார். காற்று அணைத்துவிடும். மறுபடி ஏற்றுவார். நான் பக்கத்தில் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு உட்காருவேன். எனக்கு இன்னும் சில ஞாயிறுகளில் அந்தப் பதில் வருவதில்லை, அக்கா. அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

மதுரை சகோதரி:

தம்பியின் குருவானவர் கேட்காமல் இருந்தார் என்று படித்ததும் அழுதுவிட்டேன். என்னிடம் எல்லாரும் கேட்டார்கள்.

ஐந்து வருஷத்தில் மூன்று முறை கரு கலைந்தது. மூன்றாவது ஆறு மாதம் தாண்டியபின். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் சபையிலிருந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "ஸ்தோத்திரம் பண்ணுங்க, நல்லா வாயைத் திறந்து பண்ணுங்க, அடுத்த வருஷம் இதே நாள் கையில பிள்ளை" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு ஸ்தோத்திரம் எனக்கு முன்பணம் கட்டுவது போல ஆகிவிட்டது. சரியாகக் கட்டாததால்தான் இப்படி ஆயிற்றோ என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் பார்த்தேன். கஷ்டத்தில் இருக்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாரம் ஒன்றை யாரும் தூக்கி வைக்க முடியாது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒரு மூத்த சகோதரி எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். அங்கே 'எல்லாவற்றிற்காகவும்' என்றே இருக்கிறது, அக்கா. உங்கள் பாட்டி பிடித்துக்கொண்ட 'லே' அங்கே இல்லை. அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனசில்லை. நான் அந்த வசனத்தோடு பல மாதம் மல்லுக்கட்டினேன். சிலுவையைப் பார்த்து, 'அதற்காக' என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது. என் மூன்று பிள்ளைகளையும் நினைத்து அப்படிச் சொல்ல முடியவில்லை. சொல்லாதவளையும் அவர் தம் பந்தியிலிருந்து எழுப்பிவிடவில்லை.

எனக்குக் கை கொடுத்தது 88ஆம் சங்கீதம். என் கணவர் தினமும் ராத்திரி விளக்கை அணைக்கும் முன் அதை வாசித்தார். அழுகையில் தொடங்கி அழுகையிலேயே முடிகிற சங்கீதம். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் கடைசியிலாவது துதியோ நம்பிக்கையோ வந்துவிடும். இதில் வராது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறாரே என்பதுதான் எனக்கு முதல் ஆறுதல். நாற்பது நாளைக்கு மேல் வாசித்திருப்பார். ஒரு நாள் வாசித்து முடித்ததும் இருட்டில் நான் "ஸ்தோத்திரம்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தினமும் வாசித்ததற்குத்தான்.

எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை.

வேலூரில் இரண்டரை வருஷம் இருந்த ஒரு அப்பா:

மகளுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஏ.எல்.எல். என்பார்கள், குழந்தைகளுக்கு வருகிற வகை. குணமாக வாய்ப்பு அதிகம், ஆனால் வைத்தியம் இரண்டு வருஷத்துக்கு மேல் போகும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். தமிழ், தெலுங்கு, வங்காளம் என்று எல்லாப் பாஷையும் கேட்கும் தெரு அது. காலையில் எல்லாரும் ஒருவருக்கொருவர் கேட்கிற கேள்வி, "இன்னிக்கு கவுன்ட் எவ்வளவு?" ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத்தான் அப்படிக் கேட்பார்கள்.

இப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. நன்றாக இருக்கிறாள். வைத்தியம் முடிந்ததும் ஊரில் ஸ்தோத்திர ஆராதனை வைக்க வேண்டும் என்று அம்மாவும் மாமனாரும் நாள் குறிக்கச் சொன்னார்கள். பந்தல், சாப்பாடு, பாஸ்டர் ஐயா. என்னால் நாள் குறிக்க முடியவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த பையன் என் மகளோடு சேர்ந்து பல்லாங்குழி ஆடுவான். அவன் அப்பாவும் நானும் மாடிப்படியில் ஒன்றாக முழங்கால் போட்டிருக்கிறோம். ஒரே ஜெபம், ஒரே வார்த்தை. அவன் போய்விட்டான். நான் மைக்கைப் பிடித்து, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொன்னால் அந்த அப்பாவைப் பற்றி நான் என்ன சொல்கிறேன்? அதற்கு யாராலும் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஆராதனை இன்னும் வைக்கவில்லை.

ஆனால் நன்றி சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

கீமோவில், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்துவிடும். பிளேட்லெட் ஏற்ற வேண்டும். ரத்தம் போல வாரக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது, ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் அப்போதைக்கப்போது ஆள் வேண்டும். ஒரு முறை ராத்திரி ஒன்பது மணி, ஏழாயிரத்துக்கு இறங்கிவிட்டது, மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. தெரிந்த எல்லாருக்கும் போன் போட்டு ஓய்ந்து போய்ப் படியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஜெபிக்கவில்லை. ஜெபிக்கத் தெம்பு இல்லை. பத்தரைக்கு இரண்டு கல்லூரிப் பையன்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். யார் மூலமாகவோ சேதி போயிருக்கிறது. ஒருவன் நெற்றியில் திருநீறு. ஊசி போட்டு மெஷினில் ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தான். முடிந்ததும் ஜூஸ்கூடக் குடிக்காமல், நாளைக்குப் பரீட்சை அண்ணா என்று கிளம்பினான். பேரைக்கூட நான் கேட்கவில்லை.

அவன் பைக் போன திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கும்பிட்டது அவனையா ஆண்டவரையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது நான் பிளேட்லெட் கொடுக்கிறேன். அதை அடிக்கடி கொடுக்கலாம். ரத்தம் கொடுப்பதற்குப் போல மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. கையில் ஊசியோடு அசையாமல் படுத்திருக்கிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் ஸ்தோத்திர ஆராதனை. அந்தப் பையனின் அப்பாவுக்கும் இது தெரியும். அவரும் கொடுக்கிறார். அவர் எதை நினைத்துக்கொண்டு படுத்திருப்பார் என்று நான் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர், நாசரேத் பக்கம்:

பிள்ளைகளே, உங்கள் எல்லாருடையதையும் இரண்டு தடவை வாசித்தேன். என்னிடம் பெரிய கதை இல்லை. எங்கள் அம்மாவின் பானையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் கிறிஸ்தவ வீடுகளில் அடுப்படியில் ஒரு சின்னப் பானை தனியாக இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம், களைவதற்கு முன்னால், ஒரு பிடி அரிசியை எடுத்து அதில் போடுவார்கள். பிடியரிசி என்போம். அதைக் கோயிலில் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்து பெரும்பாலும் ஏலம் விடுவார்கள்.

1960களின் நடுவில் அரிசி கிடைக்காமல் ஊரே திண்டாடியது. நாங்கள் ஏழு பிள்ளைகள். ஒரு நேரம் சோளக்கஞ்சி, ஒரு நேரம் மரவள்ளிக்கிழங்கு. அரிசி உலை வைப்பது வாரத்துக்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அம்மா பானையில் போட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முழுப்பிடி இல்லை. மூன்று விரலால் எடுக்கிற அளவு, உப்புப் போடுவது போல. எனக்குப் பசி. "இதையும் நமக்கே போடலாம்லாம்மா" என்றேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. என் கையைப் பிடித்து என் மூன்று விரலால் எடுக்கச் செய்து பானையில் போடவைத்தார்கள். "கை சிறுத்துப்போச்சுன்னு அவருக்குத் தெரியும்" என்றார்கள்.

அந்த வருஷம் அசனத்துக்கு, அதாவது கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, சோறு வடிக்கும்போது அதில் எங்கள் அரிசியும் இருந்தது. எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

தையல் அக்கா, ஏரல் பக்கம்:

டீச்சரம்மா, அந்த மூன்று விரலை என்னால் மறக்க முடியாது.

மதுரைத் தங்கச்சி, எபேசியரைச் சொன்னதற்கு நன்றி. பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார், நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டார். இப்போது அவருடைய ராத்திரி ஸ்தோத்திரத்தில் தீப்பெட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் உங்கள் பேரும் வருகிறது. பிள்ளை கேட்டு ஜெபிக்கிறாரா என்று கேட்டேன். "அதையும் கேப்பேன். இப்ப அவ இருக்காளே, அதுக்குச் சொல்லுதேன்" என்றார்.

வேலூர் அண்ணன், என் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பதினெட்டு முடிந்துவிட்டது. பிளேட்லெட் கொடுக்க யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கச் சொன்னாள்.

தூத்தூர்த் தம்பிக்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தையல். அம்மாவின் அளவு ஜாக்கெட் ஒன்றைத் தபாலில் அனுப்பி வையுங்கள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, கை அளவு சரியாக இருந்தால் போதும். துணி நான் எடுக்கிறேன். வெள்ளையா, கலரா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். நவம்பர் 2க்கு முன்னால் கைக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்பிவிடுகிறேன். கடற்கரையில் காற்று அதிகம் என்றீர்களே, கையை முழங்கை வரை வைத்துத் தைக்கிறேன்.